நெல்மணிக்குள் முடைந்த பாய்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் திசு வெட்டு வெள்ளி நிறத்தில் வர வேண்டும். பொன்னிறம் என்றால் தடிமன் கூடிவிட்டது. ஊதா என்றால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அளவுக்கு மீறி மெலிந்துவிட்டது, படத்தில் அழுத்தம் இருக்காது. 28 ஆண்டுகள் இந்த நிறத்துக்காகக் காத்திருந்தே என் காலைப் பொழுதுகள் கழிந்தன.

பிசினில் புதைத்துக் கெட்டியாக்கிய திசுக் கட்டை கண்ணாடிக் கத்தியின் விளிம்பில் மெல்ல இறங்கும். கத்தியை ஒட்டி இருக்கும் குட்டித் தொட்டித் தண்ணீரில் வெட்டு ஒவ்வொன்றாக மிதந்து வரும். அந்த நிறம் சாயத்தால் வருவது இல்லை. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிகிறதே, அதே கணக்கு: மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வருவது. வெள்ளி என்றால் 60 முதல் 90 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் அப்படிப்பட்ட ஆயிரம் வெட்டுகளை அடுக்கிவிடலாம்.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று கையில் அகப்பட்டது. உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு மரக்குச்சி. அதன் நுனியில் நகப்பூச்சு வைத்து ஒட்டிய ஒற்றைக் கண்ணிமை முடி. தண்ணீரில் மிதக்கும் வெட்டுகளை ஒன்றுசேர்த்து, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள, சல்லடை போன்ற செப்புக் கிரிட்டின் மேல் ஏற்றுவதற்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஊசி பட்டால் வெட்டு கிழிந்துவிடும். தூரிகை என்றால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. இமை முடியோ வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக மெலிந்துகொண்டு போகும், தொட்டால் வளைந்து கொடுக்கும். அந்த முடி என் மகளுடையது. மூன்று வயதில் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தபோது கன்னத்தில் உதிர்ந்து கிடந்ததை எடுத்துக் காகிதத்தில் மடித்து வேலைக்குக் கொண்டுபோனேன். எத்தனையோ பேருடைய கட்டிகளின் வெட்டுகளை அந்த முடிதான் கிரிட்டில் ஏற்றியது. குச்சியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பெரிய மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில், எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் தொழில்நுட்பராக இருந்தேன். "கட்டி என்றால் பயாப்சி எடுத்துச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடுமே, இவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பெரும்பாலான கட்டிகளுக்கு அது உண்மை. சிவப்பும் நீலமுமாகச் சாயமிட்ட ஒரு கண்ணாடித் தகடே மருத்துவருக்குப் போதும். ஆனால் சில கட்டிகள் முகம் தெரியாதபடி மாறிவிடுகின்றன. செல்கள் எல்லாம் உருண்டையாக, நீலமாக, ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். தசையிலிருந்து வந்ததா, நரம்பிலிருந்தா, தோலிலிருந்தா, இரத்தத்திலிருந்தா என்று சொல்லவே முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

ஒளியைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கிக்கு ஒரு எல்லை உண்டு. சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. ஒளியின் அலைநீளமே அங்கே தடையாக நின்றுவிடும். 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களையும் கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருள்களையும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு லட்சம் வோல்ட்டில் ஓடும் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர்தான். எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட் மருத்துவர். இந்தக் கருவி மருத்துவத்துக்குப் பயன்படும் என்று விடாமல் வாதாடி, வைரஸ்களை முதன்முதலில் இதில் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அண்ணனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல், 55 ஆண்டுகள் கழித்து. தம்பி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏனோ தம்பியின் நினைவுதான் வந்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நாங்கள் தேடுவது செல்லின் பிறந்த வீட்டுப் பழக்கத்தை. எவ்வளவுதான் தறிகெட்டுப் போன செல்லாக இருந்தாலும், தான் பிறந்த இடத்தில் கற்றுக்கொண்ட ஏதோ ஒன்றை எங்காவது ஒரு மூலையில் செய்துகொண்டுதான் இருக்கும். தோலின் மேற்படலத்திலிருந்து வந்தது பக்கத்துச் செல்லோடு தன்னை ஆணி அடித்ததுபோல் இணைத்துக்கொள்ளும். தசையிலிருந்து வந்தது தடித்த இழையும் மெல்லிய இழையுமாக அடுக்க முயலும். நரம்போடும் நாளமில்லாச் சுரப்பிகளோடும் உறவுள்ளது நடுவில் கறுத்த சிறு மணிகளைச் சேர்த்து வைத்திருக்கும். பாதி செய்து விட்டதாக, கோணலாக, ஒரு செல்லில் இருந்து பத்துச் செல்லில் இல்லாததாக இருக்கலாம். ஆனால் இருக்கும்.

1994ஆம் ஆண்டு மழைக்காலம். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர். வலது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று வந்தவர். நெறி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து, கல்லைப் போல் இறுகியிருந்தது. பயாப்சி எடுத்தார்கள். தகட்டில் பெரிய பெரிய உருண்டைச் செல்கள். லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களின் புற்றுநோய் என்று ஒருவர் நினைத்தார். எங்கிருந்தோ பரவி வந்த கார்சினோமா, மேற்படலச் செல்களின் புற்றுநோய் என்றார் இன்னொருவர். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிச் சாயங்கள் அந்த நாளில் எங்கள் துறையில் நாலைந்துதான் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒரு சீசாவின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இருந்தவற்றைப் போட்டுப் பார்த்தும் தெளிவான பதில் இல்லை. அறுவைச் சிகிச்சையின்போது ஒரு துணுக்கைத் திசு கெடாமல் காக்கும் குளூட்டரால்டிஹைடு கரைசலில் போட்டு வைத்திருந்தது அவருடைய நல்ல காலம்.

அந்தத் துணுக்கு என்னிடம் வந்தது. ஒரு மில்லிமீட்டர் கனச்சதுரங்களாக நறுக்கி, ஆஸ்மியத்தில் ஊறவைத்தேன்; மிளகைப் போல் கறுத்துவிடும். ஆல்கஹாலில் படிப்படியாக நீரை வாங்கி, பிசினில் அமிழ்த்தி, 60 டிகிரி அடுப்பில் இரண்டு நாள். பிறகு ஒரு மைக்ரான் தடிமனில் ஒரு வெட்டு எடுத்து நீலச் சாயமிட்டுப் பேராசிரியையிடம் காட்டினேன். செத்த பகுதி எது, உயிருள்ள செல்கள் எங்கே என்று அவர் குறித்துக் கொடுத்தால்தான் மெல்லிய வெட்டுக்குப் போவேன். எலுமிச்சை அளவுக் கட்டியில் நான் பார்க்கப் போவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு மூலையை. இடம் தவறினால் எல்லாம் தவறு. கடைசியில் யுரேனியமும் ஈயமும் கலந்த கரைசல்களில் கிரிட்டைச் சாயமேற்றினேன். எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தக் கனமான உலோகம் வேண்டும். உலோகம் படிந்த இடம் கறுப்பாகத் தெரியும். இந்த உலகத்தில் வண்ணமே கிடையாது.

அன்று காலை இரண்டு முறை மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனால் நுண்ணோக்கிக்குள் இருக்கும் வெற்றிடம் போகும். மறுபடி இழுத்துக் கட்ட முக்கால் மணி நேரம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார முடிந்தது. இருட்டறை. பச்சையாக ஒளிரும் திரை. குளிர்சாதனத்தின் ஓசை. கிரிட்டின் ஒவ்வொரு சதுரமாக நகர்த்திக்கொண்டு போனேன். பெரிய உட்கரு, மைட்டோகாண்டிரியா, மறுபடி உட்கரு. செல்களுக்கிடையே ஆணி இணைப்பு எதுவும் இல்லை. அப்படியானால் கார்சினோமா என்பது கொஞ்சம் சந்தேகம்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு செல்லின் ஓரத்தில், உட்கருவை விட்டு விலகி, நீள்வட்டமாக ஏதோ தெரிந்தது. உருப்பெருக்கத்தைக் கூட்டினேன். நெல்மணி வடிவம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக, ஒரே இடைவெளியில், மெல்லிய வரிகள். கோரைப்பாய் முடைந்ததுபோல அவ்வளவு ஒழுங்கு. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கடுத்த செல்லில் மூன்று.

இன்டர்காமில் கூப்பிட்டேன். "அம்மா, கொஞ்சம் வாருங்கள்."

பேராசிரியை வந்து கண்களை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பேசவில்லை. "படம் எடம்மா. நாலைந்து எடு" என்றார். வெளியே போகும்போது, "அவருடைய பாதத்தை யாராவது பார்த்தார்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனார்.

அந்த நெல்மணி மெலனோசோம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் தயாராகும் பை. அதன் வளர்ச்சியில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் வெறும் உருண்டை. இரண்டாம் நிலையில் உள்ளே வரிகள் ஓடும். மூன்றில் அந்த வரிகளின் மேல் கறுப்பு படியத் தொடங்கும். நான்கில் முழுக்கக் கறுப்பு, வரி எதுவும் தெரியாது. இவருடைய செல்கள் இரண்டாம் நிலையிலேயே நின்றுவிட்டன. பாய் முடைந்தாயிற்று, சாயம் ஏறவில்லை. அதனால்தான் சாதாரண நுண்ணோக்கியில் ஒரு பொட்டுப் பழுப்பு நிறம்கூடக் கண்ணில் படவில்லை. நிறமற்ற மெலனோமா, மெலனின் செய்யும் செல்களில் தோன்றும் புற்றுநோய்.

அன்று மாலையே வார்டில் அவருடைய பாதத்தைக் கழுவிப் பார்த்தார்கள். வலது குதிகாலில், வெடிப்புகளுக்கு நடுவே, பத்துப் பைசா அளவில் ஒரு கறை. சில ஆண்டுகளுக்கு முன் கருவேல முள் குத்திய இடம் என்று நினைத்திருந்தாராம். வயலில் வெறுங்காலோடு நடக்கிற மனிதர் அதை எப்படிப் பெரிதாக நினைப்பார்? வெள்ளைத் தோல்காரர்களுக்கு மெலனோமா வெயில் படும் இடங்களில் அதிகம் வரும். நம்மைப் போன்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. லிம்போமா என்று எண்ணி மருந்து கொடுத்திருந்தால் அவ்வளவு வேதனையும் வீண். குதிகால் கட்டியையும் தொடை இடுக்கின் நெறிகளையும் அறுத்து எடுத்தார்கள். நோய் நெறிவரை வந்துவிட்டதால் பெரிய நம்பிக்கை சொல்ல முடியாது என்று குடும்பத்திடம் மறைக்காமல் சொன்னார்கள். இரண்டரை ஆண்டுகள் பரிசோதனைக்கு வந்துபோனார். பிறகு வரவில்லை.

இன்று அதே நெறியை வெட்டி அனுப்பினால் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பக்கமே அது வராது. 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே வகையான ஆன்டிபாடியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளில் கட்டியியலின் போக்கே மாறிவிட்டது. மெழுகுக் கட்டையிலிருந்து சாதாரண வெட்டு எடுத்து, ஆன்டிபாடியை ஊற்றினால், தேடும் புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் ஏறும். இரண்டு நாளில் பதில். ஒரு துணுக்குக்குப் பதில் கட்டியின் முழு வெட்டையும் பார்க்கலாம். என் அறைக்கு வரும் கட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. அது சரிதான் என்றே நினைக்கிறேன். விரைவில், குறைந்த செலவில் நோயாளிக்கு விடை கிடைக்கிறது என்றால் அதற்கு எதிராகப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மெலனோமாவுக்குப் போடும் ஆன்டிபாடிகளில் எச்எம்பி-45 என்று ஒன்று உண்டு. அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது தெரியுமா? மெலனோசோமுக்குள் அந்த வரிகளை உண்டாக்கும் புரதத்தை. நான் அன்று பார்த்த பாயின் கோரையை! இப்படியே மற்றவையும். தோலில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்லான லாங்கர்ஹான்ஸ் செல்லின் கட்டிகளில், டென்னிஸ் மட்டை வடிவத்தில், கைப்பிடியும் தலையுமாக ஒரு சிறு உறுப்பு தெரியும். பிர்பெக் என்ற ஆய்வாளர் 1961இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது. இன்று அந்த நோய்க்குப் போடும் லாங்கரின் ஆன்டிபாடி அந்த மட்டையை உருவாக்கும் புரதத்தையே தேடுகிறது. நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கான குரோமோகிரானின், அந்தக் கறுத்த மணிகளுக்குள் இருக்கும் சரக்கு. இரத்தக் குழாய்க் கட்டிகளில் தேடும் வான் வில்லபிராண்ட் காரணி, 1964இல் வைபலும் பலாடேயும் விவரித்த சுருட்டு வடிவப் பைகளில் சேர்ந்திருப்பது. இன்றைய சாயப் பெட்டியில் இருக்கும் பல சீசாக்கள், இருட்டறையில் யாரோ முதலில் கண்ணால் கண்டதன் மறு உருவம். மருத்துவ மாணவர்களுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஆன்டிபாடியிடம் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். நீ தசையா? இல்லை. நீ நரம்பா? இல்லை. கேட்கத் தோன்றாத கேள்விக்குப் பதில் வராது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எதையும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. செல்லுக்குள் என்ன இருக்கிறதோ அது கண்ணுக்கு வரும். அதற்காக அதை எல்லாம் தெரிந்த இயந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு செல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்றுதான் அது சொல்லும். கட்டி சாதுவா கொடியதா என்பதற்குப் பெரும்பாலும் சாதாரண நுண்ணோக்கியிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

நுரையீரல் உறைக் கட்டிகள் வந்த நாட்களும் நினைவில் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் உறையிலேயே தோன்றும் மீசோதீலியோமாவா, நுரையீரலிலிருந்து உறைக்குப் பரவிய அடினோகார்சினோமா என்ற சுரப்பிச் செல் புற்றுநோயா என்ற வழக்கு. மீசோதீலியோமா செல்லின் மேல் நீண்டு மெலிந்து கிளைவிட்ட நுண்முடிகள், வாரிவிடாத கூந்தலைப் போல் படர்ந்திருக்கும். மற்றதில் அதே முடிகள் ஒட்ட வெட்டிய கிராப்பைப் போல் குட்டையாக நிற்கும். நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்ப்போம். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

துணுக்கு கெட்டுப்போனால் இத்தனையும் போயிற்று. ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, துறை திறப்பதற்கு முன்பே, வராந்தாவில் ஒருவர் சீசா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு வயது மகனுக்குக் கண்ணுக்குப் பின்னால் கட்டி, கண் பிதுங்கியிருந்தது. வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில் துணுக்கு எடுத்து, உப்புநீரில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரவு முழுக்க பஸ்ஸில், வழியில் குலுங்கக் கூடாது என்று இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். செல் உடலை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களிலேயே தன்னைத் தானே கரைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். உப்புநீர் அதைத் தடுக்காது. அன்று நான் பார்த்ததெல்லாம் வீங்கி வெடித்த மைட்டோகாண்டிரியாவும் கிழிந்த சவ்வுகளும்தான். இன்னொரு முறை துணுக்கு எடுக்க வேண்டும் என்றதும் அந்தத் தந்தை, "நான் வரும்போது ஏதாவது தப்பாகப் பிடித்துவிட்டேனா, அம்மா?" என்று கேட்டார். இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

1963 டிசம்பரில் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து லண்டனுக்கு இப்படித்தான் ஒரு கட்டித் துணுக்கு போனது. பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, தாமதமாகி, சீசாவில் இருந்த திரவம் கலங்கிப்போய் வந்து சேர்ந்தது. கிருமி புகுந்துவிட்டது என்று கொட்டிவிடத்தான் எவருக்கும் தோன்றும். அங்கிருந்த ஆய்வாளர் ஆன்டனி எப்ஸ்டைன் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் உயிரோடு மிதந்துகொண்டிருந்த லிம்போமா செல்கள். அவற்றை வளர்த்து, 1964 பிப்ரவரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது செல்லுக்குள் வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டைன்-பார் வைரஸ், மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாக முதலில் கண்டறிந்த வைரஸ். எங்கள் சீசாவைத் திறந்தபோது அந்தக் கதைதான் எனக்கு நினைவில் ஓடியது. எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை.

சிறுவனுக்கு மறுபடி துணுக்கு எடுத்தபோது நானே அறுவை அரங்கின் வாசலில் பனிக்கட்டி மேல் வைத்த குளூட்டரால்டிஹைடு சீசாவோடு நின்றேன். மூன்றாம் நாள் திரையில் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அருகருகே வரிசை கட்டியிருந்தன. அங்கங்கே கறுத்த குறுக்குக் கோடு, தசையில் இருக்கும் இசட் கோட்டின் அரைகுறை வடிவம். ராப்டோமயோசார்கோமா, தசை இனத்துப் புற்றுநோய். கண்குழியில் வரும் அந்த வகைக்கு மருந்தும் கதிர்வீச்சும் நன்றாகவே கேட்கும். கண்ணை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு பேராசிரியை சிறு சிறு சீசாக்களில் கரைசலை நிரப்பி, தமிழில் அச்சடித்த குறிப்போடு பக்கத்து ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அரிசி அளவுக்கு மேல் வேண்டாம், எடுத்த உடனே போடவும், உறைய விடாமல் குளிரில் வைக்கவும் என்று மூன்றே வரிகள். அந்த வரிகளை எழுதியது நான்.

இப்போது அந்த அறைக்குச் சிறுநீரக பயாப்சிகள்தான் அதிகம் வருகின்றன. எந்தச் சாயத்துக்கும் பிடிகொடுக்காத கட்டி என்று எப்போதாவது ஒன்று வரும். பிலிமும் இருட்டறைக் கழுவலும் போய், படம் நேராகக் கணினியில் விழுகிறது. கத்தியும் தொட்டியும் வெள்ளி நிறமும் மாறவில்லை. அங்கே இப்போது வெட்டுகிற பெண் நேற்று தொலைபேசியில் அழைத்தாள். வெட்டுகள் சுருங்கிக்கொள்கின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டாள். குளோரோபாம் நனைத்த குச்சியை மேலே காட்டு, ஆவி பட்டதும் விரிந்துவிடும் என்றேன். திங்கட்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். ஜாமெட்ரி பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டேன்.